இருநூறு உணவுக்கு ஒரே ரத்தப் பரிசோதனையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘ஒரே ரத்தப் பரிசோதனையில் உங்களுக்கு ஒவ்வாத உணவுகள் அத்தனையும் தெரிந்துவிடும்’ என்கிறது சென்ற இதழின் மருத்துவப் பக்கம். அதன் கீழ்ப்பாதியில், இருநூறு உணவுகளைச் சோதிப்பதாக அதே பரிசோதனைக்கு விளம்பரம். பொருத்தம் பார்த்துப் பக்கம் கட்டியவருக்குப் பாராட்டுகள்.

அந்தச் சோதனை அளப்பது ஐஜிஜி (IgG) என்ற நோயெதிர்ப்புப் புரதத்தை. அடிக்கடி சாப்பிடும் உணவுக்கு அது யார் உடம்பிலும் இருக்கும். தினம் இட்லி சாப்பிடுகிறவருக்கு அரிசியும் உளுந்தும் சிவப்புப் பட்டியலில் வராமல் வேறென்ன வரும்? ஒவ்வாமையைக் கண்டறிய இது உதவாது என்று ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவ அமைப்பு 2008-லேயே சொல்லிவிட்டது, தங்களுக்குத் தெரியாததல்ல. உடனடி ஒவ்வாமைக்குப் பார்க்க வேண்டியது ஐஜிஇ (IgE) என்ற வேறொரு நோயெதிர்ப்புப் புரதம். அது கூடியிருந்தாலும், சந்தேகப்பட்ட உணவின் சாற்றை வைத்துத் தோலில் குத்திப் பார்க்கையில் 3 மி.மீ. தடிப்பு எழுந்தாலும், அதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது. சாப்பிட்டபோது நடந்தது என்ன என்ற விவரமும் வேண்டும்.

அதைக் குறித்துவைக்கச் சொல்லக் கட்டுரையில் ஒரு வரிக்கு இடமில்லை. ‘கத்திரிக்காய், அரிப்பு’ என்று எழுதிவைத்துப் பயனில்லை. சாப்பிட்ட மணி, அளவு, வேகவைத்ததா பொரித்ததா, முதல் அறிகுறி தோன்றிய மணி, அடங்கிய மணி, அன்று ஓடியாடியது, காய்ச்சல், போட்ட வலி மாத்திரை எல்லாம் வேண்டும். சும்மா இருந்தால் ஒன்றும் செய்யாத கோதுமை, சாப்பிட்டுவிட்டு ஓடினால் சிலரை மயக்கமடித்து விழவைக்கும். ஐஜிஇ வகை ஒவ்வாமை பெரும்பாலும் சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் காட்டிவிடும். இன்றைய தடிப்புக்கு முந்தாநாள் மீன்குழம்பின் மேல் பழிபோடுவது வீண். தடிப்பைப் படமெடுத்து வைப்பது நல்லது, மருத்துவரிடம் போவதற்குள் மறைந்துவிடும். ஆறு வாரம் தாண்டியும் தினம் வந்துபோகிற தடிப்புக்கு உணவு காரணமாவது அபூர்வம். சூரை, கானாங்கெளுத்தி சாப்பிட்ட பலருக்கு ஒன்றாக முகம் சிவந்தால் அது ஒவ்வாமையே அல்ல. ஐஸ் இல்லாமல் கிடந்த மீனில், ஒவ்வாமை போலவே சிவப்பும் அரிப்பும் உண்டாக்கும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் பெருகியிருக்கும், கொதிக்கவைத்தாலும் போகாது.

சமையல் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ‘கோதுமை இல்லாத பலகாரம்’ என்று தலைப்புப் போட்டு, உள்ளே ஒரு சிட்டிகை பெருங்காயம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் மைதா சேர்ந்திருப்பதைச் சமையல் பக்கக்காரர் அறியாரா? செக்குக் கடலையெண்ணெயில் கடலைப் புரதம் தங்கும் என்பதையும் எழுதவில்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 லேபிள் விதிகளில் ஒவ்வாமைப் பொருள் பட்டியலில் எள் இல்லை; அமெரிக்காவில் 2023 முதல் எள்ளைக் குறிப்பிடுவது கட்டாயம். இட்லிப் பொடியும் நல்லெண்ணெயும் புழங்கும் ஊரின் பத்திரிகைக்கு இது செய்தியில்லை போலும்.

கேள்வி பதில் பகுதியோ, ஒவ்வாத உணவு சாப்பிட்டு மூச்சு இளைத்தவருக்கு ‘செட்டிரிசின் போட்டுப் படுங்கள்’ என்றது. செட்டிரிசின் என்ற ஒவ்வாமை மாத்திரை அரிப்பை அடக்கும். மூச்சுக்குழல் இறுகுவதையும் ரத்த அழுத்தம் விழுவதையும் நிறுத்தாது. அங்கே தேவை தொடையின் வெளிப்புறத் தசையில் அட்ரினலின் ஊசி, எடையில் கிலோவுக்கு 0.01 மி.கி., அதிகபட்சம் 0.5 மி.கி. தாமதமின்றி மருத்துவமனை. தேறிய பிறகும் சில மணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும், அறிகுறிகள் திரும்ப வரலாம்.

உணவு ஆலோசனைக்கு வரும் தாய்மார்கள் உங்கள் பக்கத்தைக் கத்தரித்துக்கொண்டுதான் வருகிறார்கள். பால், முட்டை, கோதுமை, கடலை நான்கையும் ஒன்றாக நிறுத்திய குழந்தை எடை குறைந்திருக்கும். சந்தேகப்பட்ட ஒரே உணவை மருத்துவர் சொல்லி இரண்டு முதல் நான்கு வாரம் நிறுத்தி, மறுபடி கொடுத்துப் பார்ப்பதே முறை. முன்பு முகம் வீங்கியவர்களுக்கும் மூச்சுத் திணறியவர்களுக்கும் அந்தச் சோதனையை மருத்துவமனையில்தான் செய்ய வேண்டும், வீட்டில் கூடாது.

திருத்தம் வெளியிடுவது தங்கள் வழக்கமில்லை என்பதால் கேட்கவில்லை. மேலே சொன்ன விவரங்களைக் குறித்துக்கொள்ள ஒரு வெற்று அட்டவணையை அரைப் பக்கத்துக்கு அச்சிடுங்கள், அதுவும் விளம்பரம் இல்லாத பக்கத்தில்.

இப்படிக்கு,
ஓர் உணவியலாளர்,
திருச்சி.