கதவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்,

சமுதாய சுகாதார நிலையங்களில் எச்ஐவி பரிசோதனையை இன்னும் கூட்ட வேண்டும் என்ற பேச்சு வரும்போதெல்லாம் கிட் இருக்கிறதா, ஆள் இருக்கிறதா என்றுதான் கேட்கிறார்கள். பல வருடம் ஆலோசகராக இருந்தவள் நான். நான் முதலில் கேட்பது, ஆலோசனை நடக்கும் அறைக்குக் கதவு இருக்கிறதா என்று.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் கதவு கிடையாது. ஒரு திரைச்சீலை, அந்தப் பக்கம் குழந்தைக்குத் தடுப்பூசி போட வந்தவர்களின் வரிசை. இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, உங்களுக்கு யார் யாரோடு உறவு இருந்தது என்று நான் கேட்டால் அவர் என்ன சொல்வார்? "அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை மேடம்." நானும் அதையே படிவத்தில் எழுதிக்கொள்வேன், ஆலோசனை முடிந்தது என்று கணக்கில் ஏறிவிடும்.

பரிசோதனை பெரிய விஷயமே இல்லை. விரலில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், இருபது நிமிடம் போல ஆகும். ஆனால் நெகட்டிவ் என்று வந்தால் சீட்டைக் கொடுத்து அனுப்பிவிடுகிறோமே, அங்கேதான் தப்பு நடக்கிறது. விரலில் குத்திச் செய்யும் பரிசோதனையில் தொற்று தெரிய 23 முதல் 90 நாள் வரை ஆகலாம், அதனால் போன வாரம் எங்கோ மாட்டிக்கொண்டு பயந்துபோய் வந்தவருக்கு இன்றைய நெகட்டிவ் ஒன்றும் சொல்வதில்லை. முந்தாநாள் நடந்தது என்றால் இன்னும் அவசரம், 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்தை ஆரம்பித்து 28 நாள் சாப்பிட வேண்டும். இதையெல்லாம் சொல்ல எனக்குத் தேதி தெரிய வேண்டும். திரைச்சீலைக்குப் பின்னால் தேதி சொல்லும் ஆளை நான் பார்த்ததில்லை.

பாசிட்டிவ் வேறு கதை. ஒரு கிட்டில் கோடு விழுந்ததும் சொல்லிவிட முடியாது, வெவ்வேறு கிட்டுகளில் அடுத்தடுத்து மூன்று முறை அதே முடிவு வந்தால்தான் உறுதி செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லிவிட்டது. ஒரே கிட் வைத்திருக்கும் நிலையம் ஆளை வேறு இடத்துக்கு அனுப்பத்தான் வேண்டும், அப்படிச் சீட்டோடு போனவர்கள் அங்கே போய்ச் சேர்ந்தார்களா என்று யாரும் பார்ப்பதில்லை. கூட ஒருவர் போய்விட்டு வந்தாலே பாதி பேர் வழியில் தொலையாமல் அங்கே போய்ச் சேர்வார்கள் என்பது என் எண்ணம். மருந்து ஆரம்பித்து ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால் உடலுறவு மூலம் அடுத்தவருக்குப் பரவாது. மருந்தே இல்லாத கர்ப்பிணியிடமிருந்து குழந்தைக்குப் பரவ 15 முதல் 45 சதவீதம் வரை வாய்ப்பு உண்டு, சரியான சிகிச்சை கிடைத்தால் அது 5 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். வழியில் தொலைந்தவருக்கு இது எதுவும் கிடைக்காது.

இன்னொன்று, அந்த அறை வாசலில் எச்ஐவி என்று கொட்டை எழுத்தில் போர்டு வைக்காதீர்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்கும் அதே இடத்தில் இதையும் பாருங்கள். மாதம் இத்தனை டெஸ்ட் என்று இலக்கு வைத்தால், சம்மதம் கேட்காமலேயே குத்திவிடும் பழக்கமும் கூடவே வந்துவிடுகிறது, அதையும் கவனியுங்கள்.

ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் பதிவேட்டைப் புரட்டுவதற்கு முன்னால், வெளியே பெஞ்சில் பத்து நிமிடம் உட்கார்ந்து உள்ளே பேசுவது காதில் விழுகிறதா என்று கேட்டுவிட்டு வரட்டும்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் ஆலோசகர்