இரண்டாம் இரவும் வந்து சொன்னவருக்கு

அன்புடையீர்,

அண்ணன் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பி மூன்று நாட்கள் ஆகின்றன. நடந்ததை உங்களுக்கு நான் மீண்டும் சொல்ல வேண்டியதில்லை. குருதி கொடுத்தவர்கள், கொடுத்த பணத்தை எப்போது திருப்பித் தருவாய் என்று கேட்காதவர்கள், பிள்ளைகளைத் தம் வீட்டில் உறங்கவைத்தவர்கள், தத்தம் தெய்வத்திடம் அண்ணன் பெயரைச் சொன்னவர்கள், தெய்வ நம்பிக்கை இல்லாமலே எங்களோடு விழித்திருந்தவர்கள் என அனைவருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன். ஒவ்வொருவரையும் நேரில் வந்து பார்ப்பேன்.

ஆனால் இம்மடலை எழுதவைத்தவர் உங்களில் பலர் பார்த்திராத ஒருவர். தீவிர சிகிச்சைப் பிரிவின் தரையை இரவு நேரங்களில் துடைக்கும் அம்மா. எதிர்ப்படும் எவரிடமும் "பிழைத்துவிடுவாரா?" என்று கேட்கும் நிலைக்கு வந்திருந்த நான், அவரிடமும் கேட்டேன். வாளியைக் கீழே வைத்துவிட்டு, "அது எனக்குத் தெரியாதுப்பா. துடைக்கிறப்ப கால் விரலை அசைச்சாரு. அதைப் பார்த்தேன், அவ்வளவுதான்" என்றார். என் கை சட்டைப்பைக்குப் போனது. காசு எதிர்பார்த்துச் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். துயரத்தில் மனம் இளகும் என்பார்கள், என் மனம் அப்போதும் கணக்குப் பார்த்தது. அவர் என் கையைக் கவனித்தும் கவனியாதவர்போல வாளியை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

மறுநாள் இரவு, நான் கேட்காமலேயே அருகில் வந்து நின்று, "இன்னைக்கு அசைக்கலப்பா" என்றார்.

அந்தச் சொல் வலித்தது. ஆயினும் முந்தைய இரவு அவர் சொன்னதை நான் உண்மையாகவே நம்பத் தொடங்கியது அந்தக் கணத்தில்தான். எல்லாம் சரியாகிவிடும் என்று என்னிடம் சொன்னவர்கள் அன்பினால் சொன்னார்கள். குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் நிற்கும் என்று குறளே (292) அவர்களுக்கு இடம் கொடுக்கிறது. எனினும் அத்தனை ஆறுதலையும் கேட்டுவிட்டு நான் உறங்கவில்லை. "அசைக்கல" என்று கேட்ட இரவில் சற்றே கண்ணயர்ந்தேன். நல்லது நடந்தால் அதையும் இவர் வந்து சொல்வார் என்ற உறுதி ஏற்பட்டதே காரணம் என்று நினைக்கிறேன். அதற்கு முந்தைய குறள் (291) தீங்கு சிறிதும் இல்லாத சொல்லை வாய்மை என்கிறது. கெட்ட செய்தி எப்படித் தீங்கற்ற சொல்லாகும் என்று பள்ளி நாட்களில் எனக்கு விளங்கியதில்லை. கண்டதை அளவோடு சொல்லி, சொன்ன பிறகும் சற்று நேரம் உடன் நின்றவரைப் பார்த்தபோது விளங்கியது.

இனி என்னிடம் ஒருவர் அத்தகைய கேள்வியோடு வந்தால், தெரியாததைத் தெரியாது என்று சொல்வேன். சொல்லிவிட்டு உடனே எழுந்து போகமாட்டேன். இதை உங்கள் முன் உறுதியாக ஏற்கிறேன்.

நாங்கள் புறப்பட்டது பகலில் என்பதால் அவரைப் பார்க்க முடியவில்லை. பெயரைக்கூடக் கேட்டுவைக்காத என்னைப் பொறுத்தருள்க. உங்களில் எவரேனும் இரவில் அப்பக்கம் செல்ல நேர்ந்தால், இன்று காலை அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏழு அடி நடந்தார், எட்டாவதில் உட்கார்ந்துவிட்டார் என்று அந்த அம்மாவிடம் சொல்லுங்கள். நான் பார்த்தது அவ்வளவுதான்.

நன்றியுடன்,
தம்பி