பாதியில் நின்ற பேச்சு: வாசகர் வட்டப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் ஊர் வாசகர் வட்டப் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

போன மாதக் கூட்டத்தில் 'டாக்டர் ஹூ' என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சி விஞ்ஞானத் தொடரின் 'தி சன் மேக்கர்ஸ்' கதையைப் பார்த்து முடித்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தோம். ஒரு கல்லூரி மாணவி பேச எழுந்தார். அவர் மூன்று வாக்கியம் சொல்வதற்குள், "இது சின்னப் பிள்ளைகளுக்கான விஞ்ஞானக் கதை, இதில் அரசியலைத் தேட வேண்டாம்" என்று சொல்லிக் கூட்டத்தை முடித்துவிட்டீர்கள். மறுவாரம் அறிவிப்புப் பலகையில், இனி அரசியல் கலவாத படைப்புகளை மட்டுமே பேசுவது என்று எழுதி ஒட்டியிருந்தது. அதைப் படித்த நாளிலிருந்து மனசு ஆறவில்லை. நேரில் சொன்னால் குரல் உயர்ந்துவிடும் என்பதால் எழுதுகிறேன்.

கூட்டத்துக்கு வராதவர்களுக்காகக் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1977 நவம்பர், டிசம்பரில் பிபிசியில் நான்கு பகுதிகளாக வந்தது. எழுதியவர் ராபர்ட் ஹோம்ஸ். பூமியை விட்டுச் செவ்வாய்க்குப் போன மனிதர்கள் அங்கிருந்தும் கிளம்பிப் புளூட்டோவில் குடியிருக்கிறார்கள். குளிரில் உறைந்த அந்தக் கோளுக்கு ஆறு செயற்கைச் சூரியன்கள். சூரியன்கள் அங்கே ஆட்சி நடத்தும் 'கம்பெனி' என்ற வணிக நிறுவனத்துக்குச் சொந்தம். அதனால் வெயிலில் நிற்கிற ஒவ்வொருவரும் கம்பெனிக்குக் கடன்பட்டவர். எல்லாவற்றுக்கும் வரி. கோர்டோ என்ற தொழிலாளியின் தகப்பன் இறந்துபோக, அந்தச் சாவுக்கான வரியைக் கட்ட வருகிறான். சேர்த்துவைத்த பணம் போதவில்லை, வரி ஏறிவிட்டது என்கிறார்கள். மொட்டை மாடியிலிருந்து குதித்துச் சாகப் போகிறான். அங்கேதான் தொடரின் நாயகனான டாக்டரும் அவரோடு பயணம் செய்யும் லீலாவும் வந்து சேர்கிறார்கள்.

இதில் அரசியலை நாமாகத் தேடிப் போகவில்லை, எழுதியவரே வைத்திருக்கிறார். ஹோம்ஸுக்கு வருமான வரிக்காரர்களோடு தகராறு இருந்தது, அந்தக் கோபத்தில் பிறந்த கதை இது. அன்றைக்குப் பிரிட்டனில் சம்பாத்தியத்தின் உச்ச அடுக்கில் வரி 83 சதவீதம், முதலீட்டு வருமானமாக இருந்தால் 98 சதவீதம். கதையில் வரும் ஒரு நடைபாதைக்குப் 'பி45' என்று பெயர். அந்த ஊரில் வேலையை விட்டுப் போகிறவர் கையில் கொடுக்கும் வரிப் படிவத்தின் பெயர் அது. புளூட்டோவில் கம்பெனியை நடத்தும் வில்லனின் இனத்துக்கு 'உசூரியன்' என்று பெயர், அந்தச் சொல்லுக்குள் வட்டிக்கொடுமையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ஒளிந்திருக்கிறது. நம் வழியில் சொன்னால் 'வட்டியூரான்' என்று வைத்த மாதிரி. அவனுடைய அடர்ந்த புருவத்தைப் பார்த்து அன்றைய நிதியமைச்சர் டெனிஸ் ஹீலியை நினைத்தவர்கள் பலர். அதே தொடரில் 1988-இல் வந்த 'தி ஹேப்பினஸ் பேட்ரோல்' கதையில், சோகமாக இருப்பதையே குற்றமாக்கும் ஹெலன் ஏ என்ற ஆட்சித் தலைவி வருகிறாள். அவளை அன்றைய பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சரை மனதில் வைத்தே செய்தோம் என்று அதில் டாக்டராக நடித்த சில்வெஸ்டர் மக்காய் பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார். ஆகவே 'சின்னப் பிள்ளைகள் கதை, அரசியல் இல்லை' என்ற காரணம் நிற்காது.

உண்மையான காரணம் வேறு என்று எனக்குப் படுகிறது. அந்த வட்டியூரானின் பதவிப் பெயர் 'கலெக்டர்'. கதை ஓடிக்கொண்டிருந்தபோது பின்வரிசையில் ஒரு பெரியவர் "எந்த ஜில்லா கலெக்டர்?" என்று கேட்டார், சிரிப்பு எழுந்தது. அப்போதே உங்கள் முகம் மாறியதைக் கவனித்தேன். அப்புறம் அந்த மாணவி எழுந்து, "கம்பெனி, கலெக்டர் இரண்டும் நம் ஊருக்குப் புதுசா?" என்று தொடங்கியதும் கூட்டம் முடிந்துவிட்டது. நூலகக் கட்டடம் அரசாங்கத்துடையது. யாராவது போய், அங்கே ஆட்சியரைக் கிண்டல் செய்கிறார்கள் என்று மனு எழுதிப் போட்டால் இருக்கிற இடமும் போய்விடும் என்ற பயம் உங்களுக்கு. அந்தப் பயத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. இந்த வட்டத்தைப் பத்துப் பேரோடு தொடங்கி நடத்திவருபவர்கள் நீங்கள்.

ஆனால் அந்த மாணவி சொல்ல வந்ததை நினைத்துப் பாருங்கள். கிழக்கிந்தியக் கம்பெனிதான் 1772-இல் வங்காளத்தில் கலெக்டர் என்ற பதவியை உண்டாக்கியது. வரி வசூலிப்பவர் என்பதே அந்தச் சொல்லின் நேர்ப் பொருள். 1799-இல் இரண்டாம் சரபோஜி கையெழுத்திட்ட உடன்படிக்கையோடு தஞ்சாவூர்ச் சீமையின் நிர்வாகம் கம்பெனிக்குப் போனது. மன்னருக்குக் கோட்டையும் அதைச் சுற்றிய கொஞ்ச இடமும்தான் மிச்சம். பிறகு இங்கே நெல் விளைந்த நிலமெல்லாம் கம்பெனியின் கலெக்டருக்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது. லண்டனில் உட்கார்ந்து தன் வரித் தகராறை எழுதியவர் தஞ்சாவூரை நினைத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் வில்லனுக்குத் தேர்ந்துகொண்ட இரண்டு சொற்களும் நம் வயல்வெளியில் இருநூறு வருஷத்துக்கு முன்பே நடமாடியவை. ஒரு மாணவி இதைக் கண்டுபிடித்துச் சொல்ல வந்தார். இன்றைய ஆட்சியர் யாரையும் அவர் தொடவில்லை, வரலாற்றுப் பாடத்தைத்தான் தொட்டார்.

அன்று பேசியவர்கள் எல்லாரும் ஒரே பக்கமும் இல்லை. ஓய்வுபெற்ற ஒரு வங்கி ஊழியர், "உழைத்துச் சம்பாதிக்கிறவனை வரி போட்டுப் பிழிந்தால் என்ன ஆகும் என்பதே கதை" என்றார். விவசாயச் சங்கத்துக்காரர் ஒருவர் எழுந்து, "கீழே வேலை செய்கிறவர்கள் ஒன்றுசேர்ந்து கம்பெனியைக் கவிழ்க்கிறார்களே, அது கண்ணில் படவில்லையா?" என்று கேட்டார். இருவருக்கும் கதையில் ஆதாரம் இருக்கிறது. காற்றில் ஒரு வாயுவைக் கலந்து ஜனங்களைப் பயத்திலேயே வைத்திருக்கிறது கம்பெனி. அந்த வாயு எதைக் குறிக்கிறது என்பதற்கு மட்டும் ஒரு மணி நேரம் பேசலாம்.

எனக்கு மறக்காதது ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா சொன்னது. பேரனைக் கூட்டிவந்தவர், இந்தத் தொடரை அதற்கு முன் பார்த்ததே இல்லை. கோர்டோவைக் காட்டி, "அப்பன் காரியத்துக்குக் கடன் வாங்கிட்டு நிக்கிறவன் மூஞ்சி இது" என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. கல்யாணத்துக்கும் சாவுக்கும் பண்ணையில் வாங்கிய கடன் தகப்பனிடமிருந்து மகனுக்கு இறங்கிய மண் இது. 1952-இல் தஞ்சாவூருக்கென்றே தனியாகப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் போட வேண்டிவந்தது. கந்துவட்டியைத் தடுக்க 2003-இல் இன்னொரு சட்டம் வந்தது. வருமான வரி கட்டும் அளவுக்குக் காசு பார்த்திராத ஒருவர், வருமான வரிக்காரனைத் திட்டி எழுதிய கதையில் தன் வீட்டைக் கண்டார் என்றால், அந்தக் கதையின் உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது பாருங்கள். எழுதியவர் நினைத்தது ஒன்று, இங்கே போய்ச் சேர்ந்தது ஒன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசத்தானே நாம் கூடுகிறோம்?

இந்தப் பேச்சு நமக்குப் புதிதும் இல்லை. நாகப்பட்டினத்தில் காத்தான் சத்திரத்தில் பசியோடு காத்திருந்த காளமேகம் பாடியதாக ஒரு வெண்பா நம் எல்லாருக்கும் தெரியும். சூரியன் அத்தமிக்கும்போதுதான் அரிசி வரும், குத்தி உலையில் போடுவதற்குள் ஊர் அடங்கும், ஓர் அகப்பைச் சோறு இலையில் விழும்போது வெள்ளி எழும் என்று வசை. சத்திரத்துக்காரர் வருந்தியதும் அதே பாட்டுக்குப் புகழ்ச்சியாகப் பொருள் சொன்னாராம்: நாட்டில் அரிசியே அற்றுப்போன காலத்திலும் இங்கே அரிசி வரும், ஊராரின் பசி அடங்கும், சோற்றின் வெண்மைக்கு நாணி வெள்ளி எழுந்து போகும். எது உண்மைப் பொருள் என்று வகுப்பில் பிள்ளைகளைக் கேட்டால் பெஞ்சு அதிரும். நான் இருபது வருஷமாகக் கேட்டுவருகிறேன். உள்ளுறை என்றும் சிலேடை என்றும் அதற்குப் பெயர் வைத்துச் சொல்லிக்கொடுக்கிறோம். தொலைக்காட்சியில் வந்தது என்பதற்காக அது மட்டும் ஆகாது என்று எப்படிச் சொல்வது?

எனக்கும் அந்தக் கதையோடு ஒரு வழக்கு உண்டு. கடைசியில் கிளர்ச்சிக்காரர்கள் வரி அதிகாரியான ஹேடை மாடியிலிருந்து தூக்கி எறிகிறார்கள். நம் அறையிலும் கைதட்டல் கேட்டது. என்னால் தட்ட முடியவில்லை. கோர்டோ குதிக்க நின்ற அதே உயரம் அது. கும்பல் ஒன்று ஒருவனைக் கொல்வதை அவ்வளவு லேசாகக் கடந்துபோகலாமா என்று கேட்க எழுதிவைத்திருந்தேன். என் முறை வருவதற்குள் நாற்காலிகளை அடுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

சரி, நான் கேட்பது இதுதான். பலகையில் ஒட்டிய அறிவிப்பை எடுத்துவிடுங்கள். இன்றைய அதிகாரிகள் யாரையும் பெயர் சொல்லித் தாக்கக் கூடாது என்று ஒரு விதி வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம், நானே முதலில் ஒத்துக்கொள்கிறேன். கூட்டக் குறிப்பை எழுதும் பொறுப்பையும் ஏற்கிறேன். யாராவது மனுப் போட்டால் என்ன பேசினோம் என்பதை அப்படியே எடுத்துக் காட்டலாம். அடுத்த இரண்டாம் ஞாயிறு அதே கதையை மறுபடி எடுங்கள், அந்த மாணவியை முதலில் பேச அழையுங்கள். கும்பகோணத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற பெண், கூட்டம் எத்தனை மணிக்கு என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

அன்புடன்,
உங்கள் வட்டத்தின் உறுப்பினர், தமிழாசிரியை