கவுனிச் சோறும் கண்டாங்கியும்

காரைக்குடி

அன்புள்ள சொக்கு,

எல்லோரும் சௌக்கியம். மீனா ஆச்சி போனில் சொன்னதைக் கேட்டுத்தான் உடனே எழுதுகிறேன். சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டாயாமே! கவுனி கறுப்பரிசி, சர்க்கரை ஏறாது என்று தினம் ஒரு கிண்ணம் சாப்பிடுகிறாயாம். அதுவும் தேங்காய்ப்பூ, சீனி, நெய் எல்லாம் போட்டு! யாருடா உனக்கு இதைச் சொன்னது? நம்ம பழனியப்பனா?

பேத்திக்கு இப்போது உயிரியல் மூலக்கூறுகள் பாடம் நடக்கிறது. நானும் கூடவே உட்கார்ந்து படிக்கிறேன். வெறும் இருபது அமினோ அமிலங்களை மாற்றி மாற்றிக் கோத்தே நம் புரதங்கள் உண்டாகின்றன என்பதே பெரிய ஆச்சரியம். ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டது குளுக்கோஸ்தான். ஆச்சி உடுத்தும் கண்டாங்கியின் பருத்தி நூலும் நீ சாப்பிடும் கவுனியின் மாவுச்சத்தும் அதே குளுக்கோஸால் ஆனவை, சொக்கு! பருத்தியில் அது ஒன்றுவிட்டு ஒன்று தலைகீழாகச் சேர்கிறது. அதனால் சங்கிலி நேராக நீண்டு, பக்கத்துச் சங்கிலிகளோடு இறுகிக்கொள்கிறது. எத்தனை தடவை வெளுத்தாலும் கரையாது. அரிசியில் அந்தத் திருப்பம் இல்லை, சங்கிலி சுருண்டுகொள்கிறது. நம் எச்சிலில் இருக்கும் அமைலேஸ் என்ற நொதி அரிசியின் இணைப்பை வெட்டும், பருத்தியின் இணைப்பைத் தொடவே தொடாது. மாடுகூட வயிற்றிலுள்ள நுண்ணுயிர்களை வைத்துத்தான் அதே இணைப்புள்ள வைக்கோலைச் செரிக்கிறது.

கவுனி பிசுபிசுவென்று ஒட்டுகிறதே, அதன் மாவுச்சத்து பெரும்பாலும் கிளை கிளையாகப் பிரிந்த அமைலோபெக்டின். நொதிக்கு வேலை எளிது, சீக்கிரம் குளுக்கோஸாகிவிடும். தவிட்டிலுள்ள கருஞ்சிவப்பு நிறமி நல்லதுதான், நான் மறுக்கவில்லை. அதற்காக உள்ளே இருப்பது மாறிவிடுமா? போதாததற்கு மேலே சீனி வேறு!

வெறும் வயிற்றில் பார்த்தேன், சரியாக இருந்தது என்று சொல்லாதே. இரத்தத்தில் மிஞ்சும் குளுக்கோஸ் சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் போய் ஒட்டிக்கொள்ளும். சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருக்கும்; ஒட்டியது பெரும்பாலும் அதுவரை போகாது. டாக்டர்கள் மூன்று மாதச் சராசரி பார்க்கச் சொல்வது அதனால்தான். உன் அண்ணனும் இப்படித்தான் மாத்திரையை விட்டார். அவருடைய காலை வெட்டி எடுத்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நாம் இருவரும் நின்றது எனக்கு மறக்கவில்லை. உனக்கு மறந்துவிட்டதா?

நாளைக்கே டாக்டரிடம் போ. மாத்திரையை நிறுத்தியதையும் கவுனிக் கதையையும் மறைக்காமல் சொல். அந்த மூன்று மாதச் சோதனையை எடுத்து, முடிவை எனக்கு அனுப்பு. நீ அனுப்பாவிட்டால் ஆச்சியிடம் கேட்டு வாங்கிக்கொள்வேன்.

அப்புறம், நம் முன்னோருக்குப் படையல் போடும் படைப்புக்குத் தேதி குறித்தாயிற்று. இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடு.

உன்
மெய்யப்பன்