அந்த நிலைக்கதவைப் பற்றி

காரைக்குடி,
சித்திரை மாதம்

அன்புள்ள வள்ளி,

உன் கடிதம் வந்தபோது நான் ஊட்டியில் இருந்தேன், அதனால்தான் பதில் போடத் தாமதம். மூட்டுவலி இப்போது எப்படி? தைலம் தடவுகிறாயா, இல்லை என்னைப் போலவே மறந்துபோகிறாயா?

எங்கள் அறுபதாம் கல்யாணம் முடிந்த கையோடு பிள்ளைகள் சவாய் ஓட்டலில் மூன்று நாள் தங்க வைத்தார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில்தான். 46 கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். கல்லாறு தாண்டியதும் நடுவிலே இருக்கிற பல் தண்டவாளத்தைச் சக்கரம் கவ்விக்கொண்டு ஏறுகிறது. அவுகளுக்குக் குழந்தை மாதிரி சந்தோஷம்.

ஓட்டல் 1829-இல் தொடங்கிய கட்டடம். மரத்தரை, கால் வைத்த இடமெல்லாம் முனகும். சாயங்காலம் ஒரு பையன் வந்து கணப்பில் விறகை அடுக்கிப் பற்றவைத்தான். விறகு நுனியில் ஈரம் கொதித்து நுரைத்ததைப் பார்த்தபடியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நம் வளவில் நடுமுற்றத்து வானத்தைத் திறந்து போட்டு, சுவரைக் கனமாக்கி, ஓட்டை அடுக்கடுக்காய்ப் பரப்பிச் சூட்டை வெளியே விரட்டினார்கள். அங்கே ஒரு பொட்டுச் சூடுகூடப் போகாமல் பொத்தி வைத்திருக்கிறார்கள். அப்படி ஒரு கட்டடம் இத்தனை வருஷம் கழித்தும் படுக்கை விரித்து, விளக்கேற்றி, ஆள் புழங்க இருக்கிறதே என்று மனசு நிறைந்துபோனது.

மறுநாள் பக்கத்திலிருக்கும் புனித ஸ்டீபன் தேவாலயத்துக்கு நடந்தோம். 1830-இல் அர்ச்சித்த கோயில். அதன் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையைப் பிரித்து மலையேற்றிக் கொண்டுவந்த மரமாம். அண்ணாந்து பார்த்தேன். எனக்கு உன் வீடுதான் ஞாபகம் வந்தது.

வள்ளி, இதுவரை உன்னிடம் சொல்லவில்லை. போன வருஷம் முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு பழைய சாமான் கடையில் உங்கள் வீட்டு நிலைக்கதவைப் பார்த்தேன். கஜலட்சுமிக்குக் கீழே உன் அண்ணன் ஆணியால் கீறிய கோடு அப்படியே இருந்தது. விரலால் தடவிப் பார்த்துவிட்டு, விலைகூடக் கேட்காமல் வந்துவிட்டேன். உனக்கு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

எங்கள் பங்காளிகளும் இப்போது வீட்டுப் பட்டாலைக் கூடத்துத் தூண்களை விற்கலாம் என்கிறார்கள். ஐயா காலத்தில் கப்பலில் வந்த பர்மாத் தேக்கு. கையெழுத்துப் போடமாட்டேன் என்று அவுக சொல்லிவிட்டார்கள். கானாடுகாத்தானில் சில வீடுகளை விடுதியாக்கியிருக்கிறார்கள் இல்லையா, அதுபோல நாங்களும் முதலில் நாலு அறையைத் திறந்து, ஓடு மாற்றி, விருந்தாளிகளைத் தங்க வைக்கலாம் என்று இருக்கிறோம். ஆவணியில் எல்லாரும் கூடுகிறார்கள், அப்போது பேசவேண்டும்.

உன் கல்யாணத்தில் உங்கள் வளவில் எடுத்த படம் இருந்தால் அனுப்பு. கூட்டத்தில் பங்காளிகளிடம் காட்டவேண்டும். அந்தக் கதவு இன்னும் கடையில் இருக்கிறதா என்று நாளைக்குப் போய்ப் பார்த்து எழுதுகிறேன்.

பிரியமுடன்,
மெய்யம்மை