வீட்டை விக்கச் சொன்ன மகளுக்கு

ஸ்காபரோ
10.11.2025

அன்பு மகளுக்கு,

வீட்டை வித்திட்டு உன்னோட வந்து இருங்கோ எண்டு நீ போனில் கேட்டதுக்கு "பாப்பம்" எண்டு சொல்லி வைச்சது வேணுமெண்டுதான். போனில் எண்டால் நீ அழத் தொடங்குவாய், நானும் ஓமெண்டு சொல்லிப்போடுவன். வீட்டை இப்ப விக்கேல்லை, பிள்ளை. வன்கூவர் பக்கம் சரேயில், உன்ர வீட்டில் எங்களுக்கெண்டு ஒதுக்கி வைச்ச கீழ்ப்பகுதியை வாடகைக்கு விடு. மருமகனிட்டையும் நானே சொன்னதாச் சொல்லு.

அப்பாவின்ர காரணம் கணக்கு. 2022 தொடக்கத்தில் எங்கட தெருவில் வீடுகள் போன விலைக்குக் கிட்டவும் இப்ப வராது. பாங்க் ஒஃப் கனடா வட்டியை 5 வீதத்தில் இருந்து 2.25 வரைக்கும் இறக்கியும் வாங்க ஆளில்லை. மூலைவீட்டில் கோடையில் நட்ட விற்பனைப் பலகை இன்னும் நிக்குது, நேற்றுக் கொட்டின ஸ்னோ அதுக்கு மேலயும் ஏறி இருக்கு. மற்றது அவரின்ர கண் ஒப்பரேசன். இவ்வளவு நாள் காத்திருந்திட்டு, அங்க வந்து திரும்பவும் வரிசையின்ர வாலில் நிக்க அவருக்கு விருப்பமில்லை.

என்ர காரணத்தைச் சிரிக்காமல் வாசி. பஸ். 2023 ஆடியில் ரயில் பெட்டி தடம்புரண்டு ஸ்காபரோ ஆர்ரி எண்ட எங்கட ரயில் பாதை நிண்டுபோன பிறகு எல்லாத்துக்கும் பஸ்தான், சனநெரிசல்தான், உண்மை. ஆனா நினைச்ச நேரம் கோட்டைப் போட்டுக்கொண்டு இறங்கினால் மரக்கறிக் கடை, டொக்டர், கோயில் எல்லாம் போய் வந்திடுவன். உன்னட்டை வந்து நிண்ட நேரம் பால் முடிஞ்சாலும் நீ வேலையால வருமட்டும் யன்னலைப் பாத்துக்கொண்டு இருந்தனான். நீ ஒருநாளும் முகம் சுளிச்சதில்லை. கேக்க வேண்டி இருக்கிறதே எனக்குப் பாரம். அறுபத்தெட்டு வயசில கார் பழகு எண்டு நீ சொன்னது பகிடிக்கு எண்டே எடுத்திருக்கிறன்.

புரட்டாதிக் கடைசியில் மோர்ணிங்சைட் பார்க்குக்கு சாமன் மீன் ஏறுறதைப் பாக்கப் போனனாங்கள். ஹைலண்ட் கிரீக்கில் முழங்கால் தண்ணிகூட இல்லாத இடங்களில், வயிறு கல்லில உரச, முதுகு வெளியில தெரிய, பெரிய பெரிய மீன் எதிர்த்து ஏறுதுகள். ஒண்டு ஏறி, வழுக்கிப் பின்னுக்குப் போய், ஒரு குழிக்குள்ள கிடந்து இளைப்பாறிட்டுத் திரும்ப ஏறிச்சுது. முட்டை போட்டு முடிஞ்சதுகள் கரையில செத்துக் கிடக்க ஒரே நாத்தம். சித்தப்பா வழமைபோல, "பாத்தியளோ அண்ணி, மீன்கூடப் பிறந்த இடத்துக்குத் திரும்புது, நாங்கள்தான்..." எண்டு தொடங்கினார். பக்கத்தில நிண்டு சனத்துக்கு விளங்கப்படுத்தின பெட்டை ஒண்டு அவருக்கு முழுக் கதையும் சொன்னாள். நாங்கள் பாத்தது சினூக் எண்ட சாமன் இனமாம், அது இந்தத் தண்ணி மீனே இல்லையாம். ஒன்ராறியோ வாவிக்குச் சொந்தமானது அட்லாண்டிக் சாமன். ஆலைகளுக்கு ஆறுகளை மறிச்சுக் கட்டின அணை, காடு வெட்டினது, கண்டபடி பிடிச்சது எல்லாம் சேர்ந்து 1800களின் முடிவோட அது இஞ்ச அழிஞ்சே போச்சு. சினூக்கை 1960களின் கடைசியில பசிபிக் பக்கத்தில இருந்து கொண்டுவந்து விட்டவையாம். உங்கட பக்கத்து மீன், பிள்ளை! இப்ப இஞ்சயே குஞ்சு பொரிச்சுப் பெருகுதுகள். சித்தப்பாவுக்கு வாய் அடைச்சுப் போச்சு. திரும்பி வாற வழி முழுக்க மீன்குழம்புக் கதைதான்.

அப்பாவுக்கு இந்த ஐப்பசியில பேஸ்போல் பைத்தியம் பிடிச்சது உனக்குத் தெரியும். பதினெட்டு இன்னிங்ஸ் போன அந்த விளையாட்டை விடியப்புறம் மூண்டு மணி மட்டும் இருந்து பாத்தவர். எங்கட ரொறன்ரோ அணி புளூ ஜேஸுக்குக் கடைசி ஆட்டம் கையில இருந்து நழுவின இரவு பக்கத்து வீட்டு இத்தாலிக் கிழவரும் அவரும் எங்கட சோபாவில செத்தவீடு மாதிரி இருந்தவை. அண்டைக்குத்தான் குளிர்கால நேரத்துக்கு மணிக்கூட்டையும் பின்னுக்குத் தள்ளினது, அதால அந்தத் துக்கம் இன்னுமொரு மணித்தியாலம் நீண்டுது. 1993 இல புளூ ஜேஸ் வெண்ட இரவு நாங்கள் வெலஸ்லி அடுக்குமாடியில, நீ கைக்குழந்தை. கீழ சனம் கத்திக்கொண்டு, ஹோர்ன் அடிச்சுக்கொண்டு போச்சுது. கொழும்பில 83 ஐப் பாத்துட்டு வந்த ஆக்கள்தானே. கலவரம் எண்டு நினைச்சு லைற்றை நூத்துக் கதவுக்குக் குறுக்கால மேசையை வைச்சிட்டு இருந்தனாங்கள். இப்ப அந்த மனிசன் தொப்பி போட்டுக்கொண்டு திரியுது. அமெரிக்காவோட வரிச் சண்டை தொடங்கின நாளில இருந்து அமெரிக்கத் தோடம்பழம் வீட்டுக்குள்ள வாறேல்லை. லொஸ் ஏஞ்சலஸ்காரர் வெண்ட பிறகு கலிபோர்னியா ஸ்ரோபெரியும் நிண்டுபோச்சு.

இந்தக் கடிதம் எப்ப வரும் எண்டு தெரியாது. கனடா போஸ்ட் ஆக்கள் ஊருக்கு ஊர் மாறி மாறி வேலைநிறுத்தம் செய்யினம். வாசலுக்குத் தபால் வாற மிச்ச 40 இலட்சம் வீட்டுக்கும் அதை நிப்பாட்டி, தெருமுனைப் பெட்டியில போடப் போறம் எண்டு புரட்டாதியில அரசாங்கம் சொன்னது. கடிதம் குறைஞ்சது, நட்டம், எல்லாம் விளங்குது. எண்டாலும் ஐஸில வழுக்காமல் முனைமட்டும் போய் வாறது ஆர்? சண்டைக் காலத்தில அம்மம்மாவின்ர கடிதம் யாழ்ப்பாணத்தில இருந்து வர மாதக்கணக்காகும். அப்பவும் வாசலுக்குத்தான் வந்தது.

உன்னட்டை வரவே மாட்டன் எண்டில்லை. பங்குனியில வாறன், செரி பூக்கிறதையும் பாத்திட்டுப் போறன். பேரனுக்கு ஸ்வெற்றர் பின்னுறன், நெஞ்சளவை அளந்து அனுப்பு. போன முறை குத்துமதிப்பாச் சொல்லி, கை முழங்கையோட நிண்டது. எங்களைக் கேக்காமல் ரிக்கற் போட்டிடாதை. முதல்ல அப்பாவின்ர கண்ணுக்குத் திகதி வரட்டும்.

அம்மா