விமர்சகர் எங்கே நின்று கேட்டார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாட்டுப்புறச் சாயலில் மெல்லிசை பாடும், வளர்ந்து வரும் ஓர் இண்டி (பெரிய நிறுவனம் சாராத) ஃபோக்-பாப் குழுவின் மேடை நிகழ்ச்சி பற்றிச் சென்ற இதழில் வந்த விமர்சனத்தைப் படித்தேன். பதிவில் கேட்டபோது இருந்த நெருக்கம் மேடையில் இல்லை, குரல்கள் ஒன்றோடொன்று குழம்பின, பாஞ்சோ என்ற கம்பி வாத்தியத்தை வாசித்தார்களா என்றே தெரியவில்லை, ஆகவே இவர்கள் இன்னும் மேடைக்குத் தயாராகவில்லை என்று கட்டுரையாளர் முடித்திருக்கிறார். முதல் மூன்றையும் நான் மறுக்கவில்லை. அந்த 'ஆகவே'தான் உறுத்துகிறது. பல வருடம் மிக்ஸர் என்கிற ஒலிக்கலவைக் கருவிக்குப் பின்னால் உட்கார்ந்தவன் என்கிற உரிமையில் எழுதுகிறேன்.

ராக் குழுவுக்கு ஒலி அமைப்பதைவிட இப்படிப்பட்ட குழுவுக்கு அமைப்பது கடினம். கேட்பவர்கள் நேர்மாறாகத்தான் நினைக்கிறார்கள். சத்தம் குறைவு, வேலையும் குறைவு என்று கணக்குப் போடுகிறார்கள். எலக்ட்ரிக் கிட்டார் தன் ஆம்ப்ளிஃபையரிலிருந்து ஏற்கெனவே உரக்க வருகிறது. அதன் வாயருகே மைக்கை ஒட்டிவைத்தால் வேறு எதுவும் அதில் நுழையாது. அகூஸ்டிக் கிட்டார், மாண்டலின், உகுலேலே, அக்கார்டியன், செல்லோ இவையெல்லாம் ஓர் அறைக்குள் கேட்பதற்கென்று செய்யப்பட்டவை. அவற்றின் சன்னமான ஒலியைப் பெரிய கூட்டத்துக்குக் கொண்டுபோக மைக்கின் அளவை ஏற்ற வேண்டும். ஏற்றினால் பக்கத்தில் இருப்பவர் தட்டும் கஹோன் என்ற மரப்பெட்டித் தாளவாத்தியம், பின்னால் பாடுபவரின் குரல், ஸ்பீக்கரிலிருந்து திரும்பி வரும் ஒலி எல்லாமே அதற்குள் புகும். ஒரே குரல் நான்கு மைக்குகளில் வெவ்வேறு தாமதத்தோடு விழுந்தால் குழம்பாமல் என்ன செய்யும்?

இதற்கு ஒரு கணக்கும் உண்டு. மேடையில் திறந்திருக்கும் மைக்குகள் இரு மடங்காகும்போதெல்லாம், ஃபீட்பேக் (ஸ்பீக்கர் ஒலி மறுபடி மைக்கில் புகுந்து எழும் ஊளை) வராமல் ஏற்றக்கூடிய அளவு சுமார் 3 டெசிபல் குறையும். ஒரு மைக்கோடு ஒப்பிட்டால் எட்டு மைக்குகள் திறந்திருக்கும் மேடையில் 9 டெசிபல் போய்விடுகிறது. ஏழெட்டுப் பேர் நின்று, அதில் ஐந்து பேர் பாடி, ஆளுக்கு ஒரு வாத்தியமும் வாசித்தால் எட்டு மைக்கோடு முடியாது.

கிட்டாரின் கதை தனி. அதன் உடலுக்குள் இருக்கும் காற்று சுமார் 100 ஹெர்ட்ஸை ஒட்டித் தானாகவே அதிரும். ஸ்பீக்கரிலிருந்து அதே சுருதியில் ஒலி வந்து மோதினால் கிட்டார் ஊளையிட ஆரம்பித்துவிடும். ஒலியமைப்பாளர் உடனே அந்தச் சுருதியை மட்டும் ஈக்யூவில் (சுருதிவாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வசதி) வெட்டுவார். ஊளை நிற்கும், கூடவே கிட்டாரின் கனமும் போகும். அது வேண்டாமென்று கம்பிகளைத் தாங்கும் பாலத்தின் அடியில் அதிர்வை மின்சாரமாக்கும் பியெஸோ பிக்கப் வைத்து, டிஐ பாக்ஸ் என்ற இணைப்புப் பெட்டி வழியாக நேராக மிக்ஸருக்கு அனுப்பினால் ஃபீட்பேக் தொல்லை வெகுவாகக் குறையும். ஆனால் மரத்தின் வாசனையே இல்லாத ஒரு பிளாஸ்டிக் ஒலி கிடைக்கும். ஒலிப்பதிவுக் கூடத்தில் மைக் ஓர் அடி தூரத்தில் அமைதியாக நின்று கேட்டதை மேடையில் அப்படியே எதிர்பார்ப்பது நியாயமில்லை. கட்டுரையாளர் தேடிய நெருக்கம் இந்த இடத்தில்தான் தொலைகிறது.

அப்புறம் சவுண்ட் செக். பல குழுக்கள் பங்கேற்கும் நிகழ்ச்சியில் புதியவர்களுக்குக் கிடைப்பது பத்து, பதினைந்து நிமிடம். அதற்குள் வயர்களைச் செருகி, ஒவ்வொரு லைனும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கத்தான் நேரம் இருக்கும். யாருக்கு மானிட்டரில் (மேடையில் இருப்பவர்களை நோக்கி வைக்கும் ஸ்பீக்கர்) என்ன கேட்கிறது என்று பொறுமையாகக் கேட்பதற்கு நேரமில்லை. சேர்ந்து பாடுகிறவர்களுக்கு ஒருவர் குரல் இன்னொருவருக்குக் கேட்காவிட்டால், ஒவ்வொருவரும் தன் குரல் தனக்குக் கேட்கும்வரை உயர்த்திப் பாடுவார்கள். சுருதி விலகும். முதல் இரண்டு பாட்டுதான் உண்மையான சவுண்ட் செக். அந்த இரண்டு பாட்டைக் கேட்டுவிட்டுப் போய்த் தீர்ப்பு எழுதும் விமர்சகர்களை எனக்குத் தெரியும். உங்கள் கட்டுரையாளர் அந்த ரகம் இல்லை என்றே வைத்துக்கொள்கிறேன்.

பாட்டுக்குப் பாட்டு நேரம் எடுத்து ட்யூன் செய்ததையும் குறையாக எழுதியிருக்கிறார். மேடை விளக்கின் சூட்டில் கம்பி விரிந்து சுருதி இறங்கும். கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கேபோ என்ற கிளிப்பை மாற்றினாலும் லேசாகப் பிசகும். ட்யூன் செய்யாமல் அடுத்த பாட்டுக்குப் போயிருந்தால் அதையும்தான் எழுதியிருப்பார்!

1965 ஜூலை 25 அன்று அமெரிக்காவின் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில், அதுவரை அகூஸ்டிக் கிட்டாருக்குப் பேர்போன பாடகர் பாப் டிலன் எலக்ட்ரிக் கிட்டாரோடு ஏறியபோது கூட்டத்தில் ஒரு பகுதி கூச்சலிட்டது. எலக்ட்ரிக் இசையை எதிர்த்துத்தான் என்று சிலர் சொன்னார்கள். ஒலி மோசமாக இருந்தது, பாடுவதே கேட்கவில்லை, அதற்குத்தான் என்று வேறு சிலர் சொன்னார்கள். அறுபது வருடம் கழித்தும் அந்தச் சண்டை ஓயவில்லை. அவ்வளவு பெரிய நிகழ்ச்சியிலேயே பாட்டு எது, ஒலியமைப்பு எது என்று பிரிக்க முடியாமல் போனது.

இன்னொன்று. அமெரிக்காவின் என்பிஆர் வானொலி 2008-இல் தொடங்கிய, அலுவலக மேசையருகே பாடவைக்கும் டைனி டெஸ்க் நிகழ்ச்சியை உங்கள் வாசகர்களில் பலர் பார்த்திருப்பார்கள். அது பிறந்த கதை இந்த விஷயத்துக்கு நெருக்கமானது. லாரா கிப்சன் என்ற பாடகி ஒரு மதுக்கூடத்தில் பாடியதைக் கூட்டத்தின் பேச்சுச் சத்தத்தில் கேட்கவே முடியவில்லை. பேசாமல் எங்கள் அலுவலக மேசையருகே வந்து பாடிவிடுங்களேன் என்று என்பிஆர்க்காரர் ஒருவர் விளையாட்டாகச் சொன்னதுதான் தொடக்கம். அந்த அறையில் பாடகரின் குரலைப் பெருக்கிக் கொடுக்க ஸ்பீக்கர் கிடையாது. குரல் கேட்க வேண்டுமானால் மற்றவர்கள் வாசிப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். ஊருக்கெல்லாம் கேட்க வாசிக்கிற குழுக்கள்கூட அங்கே அடங்கி வாசிக்கும்போது என்ன அழகாக இருக்கிறது!

குழுவின் பக்கமும் தவறு இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். விமர்சனத்தை வைத்துப் பார்த்தால் எல்லோரும் எல்லா நேரமும் வாசித்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. இரண்டு கிட்டாரும் ஒரு உகுலேலேயும் ஒரே கார்டை ஒரே தாளத்தில் வருடிக்கொண்டிருந்தால் நடுவில் பாஞ்சோவுக்கு இடம் எங்கே? அதை எந்த மிக்ஸராலும் மீட்க முடியாது. சரணத்தில் மூன்று பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றாலே பாதிப் பிரச்சினை தீரும். பல்லவிக்குப் பல்லவி எல்லோரும் காலைத் தட்டி 'ஹே' என்று கத்துவதையும் இனி விட்டுவிடலாம். மம்ஃபோர்டு அண்ட் சன்ஸ், லுமினீர்ஸ் போன்ற ஃபோக் குழுக்கள் எல்லாம் பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்பே அதைச் செய்து தீர்த்துவிட்டார்கள்.

சின்ன அரங்கு என்றால் புளூகிராஸ் (பாஞ்சோ, மாண்டலின் வைத்துப் பாடும் அமெரிக்க நாட்டுப்புற இசை) குழுக்களின் பழைய முறையை முயன்று பார்க்கலாம். நடுவில் ஒரே ஒரு கண்டென்சர் மைக், சன்னமான ஒலியையும் பிடிக்கும் வகை. பாடுகிறவர் முன்னே வருவார், முடிந்ததும் விலகுவார், பாஞ்சோக்காரர் நுழைவார். மைக்கிலிருந்து இரு மடங்கு தூரம் போனால் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும் என்பதால், கலவையைக் கால்களே செய்துவிடும். நிறைய ஒத்திகை வேண்டும். கூட்டம் பெரிதானால் எடுபடாது. பெரிய மேடைக்கு வேறு வழியில்லை, தங்கள் பாட்டுகளை மனப்பாடமாகத் தெரிந்த ஓர் ஒலியமைப்பாளரைக் குழுவில் ஒருவராகவே சேர்த்துக்கொள்ள வேண்டும். அடுத்த வீடியோவுக்கு ஒதுக்கியிருக்கும் பணத்தை அதற்குச் செலவழிக்கச் சொல்வேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். மேடை நிகழ்ச்சிகளை விமர்சிப்பவர், தான் எங்கே நின்று கேட்டார் என்று ஒரு வரி எழுதட்டும். முன்வரிசையில் நின்றால் மேடை மானிட்டரின் முதுகும் கஹோனும்தான் கேட்கும், பிரதான ஸ்பீக்கரின் குரல் பல அரங்குகளில் தலைக்கு மேலே போய்விடும். பால்கனிக்கு அடியில் நின்றால் உச்ச ஒலிகள் மங்கி எல்லாம் மொத்தையாகக் கேட்கும். இதே குழு அடுத்த முறை மேடையேறும்போது கட்டுரையாளர் மிக்ஸருக்குப் பக்கத்தில் நின்று, மூன்றாவது பாட்டிலிருந்து கடைசிவரை கேட்கட்டும். அப்போதும் பிடிக்கவில்லை என்றால் தாராளமாக எழுதுங்கள், மறுப்புக் கடிதம் போட மாட்டேன்.

இப்படிக்கு,
ஒலியமைப்பிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு வாசகர்